ஆட்டினா எரியற பொம்மை விளக்கு: சாஞ்சா எழுந்திரிக்க மாட்டேங்குது, பார்க்கறவங்களும் ஒரே தட்டோட போயிடறாங்க

மின்மினி_22

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில ப்ராடக்ட் டிசைன் மூணாம் வருஷம் படிக்கிறேன். இந்த செமஸ்டர் ப்ராஜெக்ட், கை வைக்கத் தோணற மாதிரி ஒரு விளக்கு. ரிமோட் கூடாது, திரை கூடாது, செலவு 2500 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஜூரிக்கு, அதாவது கடைசி மதிப்பீட்டுக்கு, இன்னும் 19 நாள்தான் இருக்கு.

நான் எடுத்துக்கிட்டது தஞ்சாவூர் பொம்மை. எங்க அம்மாச்சி வீட்டுல டிவி மேல ராஜா ராணி ஜோடி இருந்துச்சு. ராஜா எப்பவோ உடைஞ்சு போயிட்டார். ராணி மட்டும் மூக்குல பெயிண்ட் போன மேனிக்கு இன்னும் தள்ளுறப்பல்லாம் எழுந்து நிக்கறா. அதையே விளக்காக்கினா என்னன்னு ஆரம்பிச்சேன்.

கீழ் பாதி காகிதக்கூழ். திருவிழாக் கடையில வாங்கின பிளாஸ்டிக் பந்து மேல பேப்பர் ஒட்டி, காஞ்சதும் பாதியா அறுத்து எடுத்தது. விட்டம் 14 செ.மீ. மேல பால்வெள்ளை அக்ரிலிக் ஷீட்டை சூடு காட்டி வளைச்ச கூம்பு, 3 மி.மீ. கனம். உள்ள ஆர்டுயினோ நானோங்கற சின்ன கன்ட்ரோலர் போர்டு, சாய்வு பார்க்க எம்பியு-6050 சென்சார், வெளிச்சத்துக்கு 12 எல்இடி இருக்கற டபிள்யூஎஸ்2812பி ரிங், ஒரு 18650 லித்தியம் பேட்டரி செல், டிபி4056 சார்ஜர் போர்டு. சாய்க்கச் சாய்க்க மஞ்சள்ல இருந்து நீலம், ஊதான்னு நிறம் மாறும்.

பிரச்சினை மூணு.

ஒண்ணு, கூம்பை மாட்டின நாள்ல இருந்து பொம்மை சாஞ்சா சாஞ்சதுதான். தலை தரையில முட்டி அப்படியே படுத்துக்குது. அடியில 150 கிராம் பிளாஸ்டர் ஊத்தியிருக்கேன். மெஸ் தராசுல கூம்பு, ரிங் எல்லாம் சேர்த்து 210 கிராம் காட்டுச்சு.

ரெண்டு, சும்மா மேசையில வச்சாலே வெளிச்சம் நடுங்குது. யாராவது மேசையில டம்ளர் வச்சா கலரே மாறுது.

மூணாவதுதான் உறுத்துது. போன வாரம் ரிவ்யூ. வந்தவங்க ஒவ்வொருத்தரும் ஒரு தட்டு தட்டினாங்க, "நைஸ்" சொன்னாங்க, அடுத்த மேசைக்குப் போயிட்டாங்க. கைடு, "சவுண்டு சென்சார் போடு, போன் ஆப் பண்ணு, அப்பத்தான் நிப்பாங்க"ன்னார். ரிமோட்டே கூடாதுன்னு சொன்னவரே ஆப் கேக்கறார், அது வேற கதை.

ஆனா ஒண்ணு சொல்லணும். கூம்பு வர்றதுக்கு முன்னாடி, வயரிங்கே இல்லாத முதல் மாடல், மேல ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து வச்சது மட்டும் ஹாஸ்டல் வராண்டாவுல காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வார்டனோட பேத்தி, நாலு வயசு, அதோட முக்கால் மணி நேரம் இருந்தா. படுக்க வைப்பா, "தூங்கு"ம்பா, அது எழுந்துக்கும், திட்டுவா, மறுபடி படுக்க வைப்பா. எரியற மாடலை அவகிட்ட கொடுத்தேன். ரெண்டு தட்டு. அப்புறம் என் போனைக் கேட்டா.

எரியாத விளக்கு ஜெயிக்குதுன்னா நான் என்னதான் பண்ணிக்கிட்டு இருக்கேன்?

---

பழைய_சால்டரிங்

அம்மா, முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளோடு குப்பை கொட்டியவன். கலர் விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது.

உன் பொம்மையின் அடி ஒரு பந்தின் பாதி. பந்து எப்படி உருண்டாலும் தரையைத் தொடும் புள்ளி அதன் மையத்துக்கு நேர் கீழேதான் இருக்கும். மொத்த எடையின் மையம் அந்தப் பந்து மையத்துக்குக் கீழே இருந்தால் பொம்மை எழுந்துகொள்ளும். மேலே போனால் விழுந்துவிடும். உன் அரைக்கோளத்தின் ஆரம் 7 செ.மீ. ஆகவே தரையிலிருந்து 7 செ.மீ. உயரம்தான் உன் லட்சுமணக் கோடு.

இப்போது கணக்குப் பார். பிளாஸ்டர் 150 கிராம், அதன் மையம் தரையிலிருந்து சுமார் 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கூம்பு 210 கிராம், அதன் மையம் சுமார் 15 செ.மீ. உயரத்தில். 150×2 என்பது 300, 210×15 என்பது 3150. கூட்டினால் 3450. மொத்த எடை 360-ஆல் வகுத்தால் 9.6 செ.மீ. கோட்டுக்கு மேலே இரண்டரை செ.மீ. போய்விட்டது. விழாமல் என்ன செய்யும்?

உடனே அடியில் ஈயக்கட்டி போடலாம் என்று ஓடாதே. முதலில் ஈயமே வேண்டாம், குழந்தை கையில் போகும் பொருள். இரண்டாவது, தப்பு அடியில் இல்லை, தலையில் இருக்கிறது. அக்ரிலிக்கைக் கழற்றிவிட்டு அதே கூம்பைக் காகிதத்தில் செய். ரிங்கோடு சேர்த்து 60 கிராமுக்குள் வந்துவிடும். 300-ம் 900-மாக 1200, அதை 210-ஆல் வகு. 5.7 செ.மீ. அதே 150 கிராம் பிளாஸ்டரோடு எழுந்து நிற்கும்.

இன்னொன்று. அடியை இரட்டிப்பாக்கி 300 கிராம் ஆக்கினால் மையம் 4.2-க்கு இறங்கும். எழும், ஆனால் வெடுக்கென்று எழும். கோட்டுக்கும் எடை மையத்துக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நிதானமாக ஆடும். உன் அம்மாச்சி வீட்டு ராணி எப்படி எழுவாள் என்று ஞாபகப்படுத்திப் பார். நிச்சயம் துள்ளி எழமாட்டாள். மையம் கோட்டுக்கு ஒன்று, ஒன்றரை செ.மீ. கீழே இருக்கும்படி வைத்துக்கொள்.

---

ரிச்சித்தெரு_வாசி

நடுக்கத்துக்கு நான்.

எம்பியு-6050 மாதிரி சென்சார் சும்மா வச்சாலும் எண் ஆடிக்கிட்டேதான் இருக்கும். நீங்க வர்ற எண்ணை அப்படியே கலருக்குத் தள்ளறீங்கன்னு நினைக்கிறேன். கடைசி பத்து எண்ணோட சராசரி எடுங்க. ரெண்டு டிகிரிக்குக் கீழ மாறினா கண்டுக்காதீங்க. டம்ளர் பிரச்சினை அதுலயே போயிடும்.

ப்ரோக்ராம்ல எங்கயாவது டிலே (கொஞ்ச நேரம் காத்திருன்னு சொல்ற வரி) போட்டிருந்தா எடுத்துடுங்க. கை பட்டதுக்கும் வெளிச்சம் மாறறதுக்கும் நடுவுல பத்துல ஒரு பங்கு நொடிக்கு மேல போனா, "நான் பண்ணேன்"ங்கற நினைப்பு போய் "அதுவா மாறுது"ன்னு ஆயிடும். ரிவ்யூல ஒரே தட்டோட போனதுக்கு இதுவும் பாதிக் காரணமா இருக்கலாம்.

கரண்டு: அந்த எல்இடி ஒண்ணு முழு வெள்ளையில 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். 12-க்கு 720. ஒரு செல்லுல ஓட்டலாம், ஆனா செல் இறங்க இறங்க நீலம் முதல்ல சாகும், வெள்ளை பழுப்பாகும். எதுக்கு இந்த ஏழு கலர்? கல்யாண மண்டப சீரியல் செட்டா? வார்ம் ஒயிட் எல்இடி நாலு, அதைக் கூட்டிக் குறைக்க ஸ்விட்ச் மாதிரி ஒரு மாஸ்ஃபெட், முடிஞ்சுது. தலைப் பாரமும் குறையும், மேல பெரியவர் சொன்ன கணக்குக்கும் நல்லது.

வெளிச்சத்தைக் கூட்டறப்ப நேர் கணக்குல கூட்டாதீங்க. நம்ம கண்ணு அப்படிப் பார்க்காது. பாதிப் பவர்லயே முழுசா எரியற மாதிரி இருக்கும், மேல் பாதி வீணாப் போகும். 0-க்கும் 1-க்கும் நடுவுல ஒரு எண்ணா மாத்தி, அதை 2.2 அடுக்குக்கு (பவர் 2.2) ஏத்திட்டு அனுப்புங்க.

செல் மேல நேரா சால்டர் வச்சிருந்தா இன்னைக்கே கழட்டுங்க. சூடு பட்டா உள்ள கெடும். ஹோல்டர் போடுங்க, இல்ல பட்டை வச்ச செல்லா வாங்குங்க. பாதுகாப்பு சர்க்யூட் உள்ள சார்ஜர் போர்டுதானான்னும் பாருங்க, டிபி4056-ல அது இல்லாத வகையும் விக்கறாங்க. மூடிக்கு ஸ்க்ரூ கட்டாயம். நாலு வயசுக் குழந்தைக்குப் பிச்சுப் பார்க்கறதும் விளையாட்டுதான்.

---

பின்கட்டு_ஜன்னல்

மூணாவது கேள்வி என் தொழில். பத்து வருஷமா விளக்கு வரையறேன், பெரும்பாலும் ஹோட்டல்களுக்கு. அதனால கொஞ்சம் நீளமாப் பேசுவேன், பொறுத்துக்கோங்க.

கைடு சொன்ன சவுண்டு சென்சாரும் ஆப்பும் போட்டா, மூணு தட்டோட போவாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தாலியில வீக்கோ மஜிஸ்ட்ரெட்டி பண்ண எக்லிஸ்ஸேன்னு ஒரு சின்ன மேசை விளக்கு இருக்கு. 1967-ல கொம்பாஸ்ஸோ தோரோங்கற இத்தாலிய டிசைன் விருது வாங்கினது. உள்ள ஒரு பல்பு, அதைச் சுத்தி ஒரு உலோகக் கிண்ணம். கிண்ணத்தைக் கையால திருப்பினா பல்பு கொஞ்சம் கொஞ்சமா மறையும், கிரகணம் பிடிக்கற மாதிரி. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. கை எவ்வளவு திரும்புதோ அவ்வளவு இருட்டு. இன்னொண்ணு பாரென்தேஸி, 1971. பியோ மான்ஸு விட்டுட்டுப் போன யோசனையை அக்கீல்லே காஸ்தில்யோனி முடிச்சது. மேல் கூரையில இருந்து தரைக்கு ஒரு இரும்புக் கம்பி, அதுல வளைஞ்ச குழாய் வழியா விளக்கு ஏறி இறங்கும். எங்க விட்டீங்களோ அங்க நிக்கும். பிடிச்சு வைக்கறது வெறும் உராய்வு. ரெண்டுலயும் கை செய்யற வேலையும் வெளிச்சத்துல நடக்கறதும் ஒண்ணே.

உங்க விளக்குல சாய்க்கறது ஒண்ணு, நீலமாகறது ஒண்ணு. சாஞ்சா ஏன் நீலம்? பொம்மைக்கே தெரியாது. அதனாலதான் ஒரு தட்டுல அலுத்துப் போகுது.

அந்தப் பாப்பா உங்களுக்கு ப்ராஜெக்டையே எழுதிக் கொடுத்துட்டா. அவ பொம்மையைத் தூங்க வச்சா, அது மறுத்துச்சு. அந்தக் குணத்தை வெளிச்சத்துக்குக் கொடுங்க. தள்ளினா விழிச்சுக்கணும். ஆட்டம் குறையக் குறைய வெளிச்சமும் குறையணும். ஆட்டம் நின்ன கொஞ்ச நேரத்துல அதுவும் தூங்கிடணும். ஒரே நிறம். எப்படிப் பார்த்தாலும் படுக்கையறை விளக்குதானே இது.

---

ரிச்சித்தெரு_வாசி

இது நல்லாருக்கு. ஆனா ஒரு பொறி இருக்கு. ஆட்டத்தோட வேகத்தை நேரா வெளிச்சமாக்கினா, ஊசல் ரெண்டு ஓரத்துலயும் ஒரு கணம் நிக்கும் இல்லையா, அங்க வேகம் சைபர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரெண்டு தடவை விளக்கு அணையும். ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கும். அதனால உச்ச அளவை மட்டும் பிடிச்சு வச்சுட்டு மெதுவா இறக்குங்க, அதைவிடப் பெருசா ஒண்ணு வந்தா மறுபடி ஏத்துங்க. இதுக்கு முடுக்கத்தைப் பார்க்காதீங்க, அதே சிப்புல இருக்கற, சுழற்சி வேகத்தை அளக்கற கைரோவைப் பாருங்க.

---

வெண்ணாற்றங்கரை

தங்கச்சி, நான் தஞ்சாவூர்க்காரி. ஒரு திருத்தம். நீ சொல்றது உருண்டை அடி பொம்மை. தலை, இடுப்பு தனித்தனியாக் கம்பியில மாட்டி ஆடறது நாட்டியப் பொம்மை. ரெண்டையும் ஜனங்க தலையாட்டி பொம்மைன்னுதான் சொல்றாங்க. ஜூரியில யாராவது கேட்டா முழிக்காதே. அதோட தஞ்சாவூர் பொம்மை புவிசார் குறியீடு வாங்கின பொருளும்கூட. அதனால "தஞ்சாவூர் பொம்மை"ன்னு விளக்குக்குப் பேர் வைக்காதே, அதைப் பார்த்துக் கத்துக்கிட்டேன்னு சொல்லு.

பின்கட்டு ஜன்னல் சொன்னது அழகா இருக்கு, ஆனா எனக்கு ஒரு சந்தேகம். ராத்திரி ரெண்டு பக்கம் படிக்கணும்னா நான் ஒரு கையால ஆட்டிக்கிட்டே படிக்கணுமா?

---

பின்கட்டு_ஜன்னல்

அக்கா, நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்லை.

---

மின்மினி_22

நாலு நாள் காணாமப் போனதுக்கு மன்னிக்கணும். பண்ணிப் பார்த்துட்டு வரலாம்னு இருந்தேன்.

சால்டரிங் ஐயா, அக்ரிலிக் போயிடுச்சு. இப்ப மேல கைவினைக் காகிதக் கூம்பு, ரிங்கும் போயிடுச்சு, நாலு வார்ம் ஒயிட் மட்டும். மொத்தத் தலை 52 கிராம். எழுந்திரிச்சிட்டா! ராத்திரி ஒரு மணிக்கு ரூம்மேட்டை எழுப்பிக் காட்டினேன், அவ சொன்னதை இங்க எழுத முடியாது. இப்ப ஒரு தள்ளுக்குப் பதினோரு தடவை ஆடறா.

ஆனா நேரா நிக்க மாட்டேங்கறா. ஒரு பக்கமா, யாரையோ சந்தேகப்படற மாதிரி தலையைச் சாய்ச்சு நிக்கறா. பத்து டிகிரி இருக்கும்.

டிலே இருந்துச்சு. அரை நொடி. வெக்கமா இருக்கு.

படிக்கற வெளிச்சத்துக்கு எனக்கும் வழி தெரியல. மூணு தடவை தட்டினா நிலையா எரியற மாதிரி ப்ரோக்ராம் போட்டேன், எனக்கே மறந்து போகுது.

---

பழைய_சால்டரிங்

பேட்டரி ஓரமாக இருக்கிறது. 18650 செல் ஒன்று 45 கிராம் வரும், கிட்டத்தட்ட உன் தலை மொத்தத்துக்கும் சமம். அதை நடு அச்சுக்குக் கொண்டுவா. 6.5 செ.மீ. நீளம்தான், அடிக் கிண்ணத்தில் குறுக்காக நடுவில் படுக்க வைக்கலாம். மிச்சம் இருக்கும் கோணலுக்கு சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டு வாங்கி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒவ்வொன்றாக மெழுகில் ஒட்டிப் பார். சரியானதும் பசையால் நிரந்தரமாக்கு. சார்ஜர் ஓட்டையை உருளும் பகுதியில் வைத்துவிடாதே, கழுத்துக்கு ஏற்று. உருளும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் இருந்தாலும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

---

வெண்ணாற்றங்கரை

சந்தேகப்படற ராணி எனக்குப் பிடிச்சிருக்கா. அவ சாஞ்சு நிக்கறதைப் படிச்சப்பத்தான் தோணுச்சு. எங்க பாட்டி மண்பானையை எதுல வைப்பாங்க? பிரிமணையில. வைக்கோல் திரிச்சுப் பண்ண வளையம். உருண்டை அடி எதுவா இருந்தாலும் அதுல நேராவும் உட்காரும், சாய்ச்சு வச்சா சாய்ஞ்ச மேனிக்கே நிக்கும்.

உன் விளக்குக்கு ஒரு பிரிமணை கொடு. தரையில வச்சா ஆடித் தூங்கற விளக்கு. பிரிமணையில சாய்ச்சு வச்சா புத்தகத்தைப் பார்த்துக்கிட்டு முழிச்சிருக்கற விளக்கு. சென்சாருக்குத்தான் சாய்வு தெரியுமே, மூணு நொடி சாஞ்சே அசையாம இருந்தா நிலையா எரின்னு சொல்லிடு. தட்டற கணக்கெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

---

பின்கட்டு_ஜன்னல்

அக்கா, எங்க ஆபீஸ்ல வேலை வேணுமா?

---

மின்மினி_22

ஜூரி முந்தாநாள் முடிஞ்சுது.

பிரிமணை வைக்கோல்ல பண்ணலாம்னு பார்த்தேன், எனக்கு திரிக்க வரல. தென்னை நார்க் கயிறைச் சுத்தி, மேல பழைய வேட்டித் துணியைச் சுத்தித் தைச்சேன். உராய்வு சரியா இருக்கு, 30 டிகிரி சாய்வு வரை வழுக்காம நிக்கறா. முதல்ல பாத்திரக் கடையில கிடைச்ச ஸ்டீல் வளையத்தை வச்சுப் பார்த்தேன், சர்ருன்னு வழுக்கி நிமிர்ந்துட்டா.

அடியில மூணு பால்ரஸ் குண்டு போதுமா இருந்துச்சு. உச்சத்தைப் பிடிச்சு வைக்கற வித்தையும் போட்டேன். ஆட்டம் நின்னதுக்கப்புறம் அணையறதுக்கு முதல்ல 5 நொடி வச்சேன், முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு. 20 நொடி ஆக்கினேன். அந்த இருபது நொடியும் எல்லாரும் பேசாம அதையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. இது நான் யோசிச்சு வச்சதில்ல.

வெளியில இருந்து வந்த ஜூரி அம்மா ஒருத்தங்க, அணைய அணையத் தள்ளி விட்டாங்க. நான் எண்ணினேன், ஆறு தடவை. பக்கத்துல இருந்தவர் ஏழாவது தடவை தள்ளப் போனப்ப, "இருங்க சார், தூங்கட்டும்"னாங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. கைடு இப்பவும் ஆப் பத்திக் கேட்டார். மார்க் இன்னும் வரல.

வார்டன் பேத்திகிட்டயும் கொடுத்தேன். பிரிமணையை எடுத்துத் தன் தலையில வச்சுக்கிட்டா. விளக்கைப் படுக்க வச்சா, திட்டினா. கால் மணி நேரம் இருந்தா. அந்த பேப்பர் கப் மாடலோட முக்கால் மணி நேரத்தை இன்னும் தொடல, உண்மையைச் சொல்லிடறேன்.

இப்ப புதுசா ஒரு தொல்லை. கூம்பை மைதாப் பசையில ஒட்டினேன். ஹாஸ்டல் கரப்பான் ராத்திரியில ஓரத்தை அரிச்சிருக்கு. மயில்துத்தம் கலந்தா வராதுன்னு பைண்டிங் கடைக்காரர் சொன்னார். போடலாமா?

---

பழைய_சால்டரிங்

போடாதே. மயில்துத்தம் விஷம், பைண்டிங் நோட்டை யாரும் நக்குவதில்லை, உன் ராணியை நக்குவார்கள். மைதாவை விட்டுவிட்டு வெள்ளை ஃபெவிகால் போடு, நீர் கலந்து மெல்லிசாகத் தடவு. முழுக் கூம்பையும் ஒட்டி முடித்ததும் மறுபடி எடை போட்டுப் பார், பசையும் தலையில்தான் ஏறும்.